விலகல் முப்பத்து நான்கு

வாலிபால் மதிப்பீட்டாளர் அந்தோணி குரூஸுக்கு அன்று மத்தியானத்துக்குள் மூன்று முறை தலை வலித்துவிட்டது. முதல் வலி வெயிலால் வந்தது. இரண்டாவது, விளையாட்டுத் தேர்வு வாரியம் அனுப்பிய சாப்பாட்டுப் பொட்டலத்தால். பிரித்தால் சோறு இருந்தது, மூன்று பாக்கெட் ஊறுகாய் இருந்தது, குழம்பைக் காணோம். மூன்றாவது வலிக்குக் காரணம் திரையில் நின்ற ஓர் எண். முப்பத்து நான்கு.

"இன்னொரு தடவை போட்டுப் பாரும்மா," என்றார்.

"நாலு தடவை பார்த்தாச்சு சார்," என்றாள் ஹர்ஷிதா. வாரியத்தின் இயந்திரத்தை இயக்குவதற்காகச் சென்னையிலிருந்து வந்தவள். இருபத்தாறு வயது. கோபமே வராத பெண். குரூஸின் எரிச்சலில் பாதி அதனால்தான். "நாற்பது தடவை போட்டாலும் முப்பத்தி நாலுதான் வரும். மெஷின் என்ன பண்ணும்?"

"மெஷின் ஒண்ணும் பண்ணல. எல்லாம் பண்ணுதது அந்தப் பிள்ளைதான்."

அந்தப் பிள்ளை இசக்கியம்மாள். பணகுடிப் பக்கத்துப் பெண்கள் கல்லூரி ஒன்றில் மூன்றாம் ஆண்டு வரலாறு படிப்பவள். கல்லூரி வாலிபால் அணியின் செட்டர். வாலிபாலில் ஓர் அணி பந்தை மூன்று முறை தொடலாம். முதலாமவள் எடுத்துக் கொடுப்பாள், மூன்றாமவள் அடிப்பாள். நடுவில் இரண்டாவது பந்து எப்போதும் செட்டருடையது. யார் அடிப்பது என்று அவள்தான் தீர்மானிக்கிறாள். எதிரணியில் யார் எங்கே நிற்கிறாள், தன் அணியில் யார் எம்பத் தயார், இத்தனையையும் கண் இமைக்கிற நேரத்தில் பார்த்து முடிக்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் குரூஸ் ஆயிரக்கணக்கான செட்டர்களைப் பார்த்திருக்கிறார். இசக்கியம்மாளைப்போல் ஒருத்தியைப் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்று வாய்விட்டுச் சொல்லவும் முடியாதபடி இப்போது முப்பத்து நான்கு வந்து குறுக்கே நிற்கிறது.

"விதிப்படி உங்களுக்கு நான் வாசிச்சுக் காட்டணும் சார்."

"எனக்குத் தெரியாததா? அஞ்சு வருஷமா இதத்தான கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"தெரிஞ்சாலும் வாசிக்கணும். ரெக்கார்ட் ஆகுது." ஹர்ஷிதா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நெற்றியில் அணியும் கருவி, செட்டர் முடிவெடுப்பதை அவருக்கே தெரிவதற்கு முன் பதிவு செய்கிறது. இது முதல் எண்ணம். அவர் கை உண்மையில் பந்தை எங்கே அனுப்புகிறது என்பது செய்கை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு விலகல். விலகல் இருபது விழுக்காட்டைத் தாண்டினால், ஆட்டக்காரர் சரியான முடிவைத் தெரிந்தே மாற்றுகிறார் என்று பொருள். அதாவது ஆட்டத்தை விற்கிறார்."

அந்தக் கருவிக்கு வாரியம் வைத்த பெயர் ஒரு முழ நீளம். திருநீறு பூசியதுபோல் நெற்றியில் கிடப்பதால் பிள்ளைகள் அதைப் பட்டை என்றார்கள், ஞாயிறு தவறாமல் ஜெபக்கூட்டத்துக்குப் போகிற பிள்ளைகள் உட்பட. சில ஆண்டுகளுக்கு முன் லீக் ஆட்டங்களில் சூதாட்டம் பிடிபட்டது. பந்தயக்காரர்கள் விலைக்கு வாங்கியதெல்லாம் செட்டர்களைத்தான். அடிப்பவர் வேண்டுமென்றே தவறவிட்டால் ஊரே பார்க்கும். செட்டர் பந்தைத் தப்பான ஆளிடம் கொடுத்தால் யாருக்குத் தெரியும்? அதன் பிறகுதான் பட்டை வந்தது. அதற்கு முன்பு குரூஸின் கண்ணும் மனசாட்சியும் போதுமாக இருந்தன. இப்போது அவர் கையெழுத்து மட்டும் போதும்.

"தண்டனை ரெண்டு வருஷத் தடை," என்றாள் ஹர்ஷிதா. "அவங்களுக்கு இருபத்தொண்ணு முடியப் போகுது. தடை முடியறப்போ தேர்வு வயசு தாண்டிடும். ஆனா ஒரு விஷயம் பாருங்க சார்." திரையைத் திருப்பினாள். "முதல் எண்ணம் எத்தனை சரின்னு ஒரு எண் வரும் இல்லையா? நல்ல செட்டருக்கு எழுபது. லீக்ல ஆடறவங்களுக்கு எண்பது. இவங்களுக்குத் தொண்ணூத்தி மூணு. நான் பார்த்ததிலேயே இதுதான் அதிகம்."

குரூஸ் அந்த எண்ணைப் பார்த்தார். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது, உடனே எரிச்சலாகவும் இருந்தது. நூறில் தொண்ணூற்று மூன்று முறை சரியாக நினைக்கத் தெரிந்தவளுக்கு, நினைத்ததைச் செய்வதில் என்ன வந்தது?

மூன்றாவது செட்டை அவர் தம் கண்ணாலேயே பார்த்திருந்தார். இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு. நடுவில் அபிநயா, ஆறடிப் பெண், அந்தரத்தில் நிற்கிறாள். எதிரே தடுக்க ஓர் ஆள் இல்லை. இசக்கியம்மாள் பந்தை இடதுபுறம் ஜெர்லினுக்கு அனுப்பினாள். ஜெர்லின் ஐந்தடி நாலங்குலம். எதிரணியின் நாலு கைகள் அவளுக்காகவே காத்திருந்தன. பந்து போன வேகத்தில் திரும்பி அவள் காலடியில் விழுந்தது. கேலரியில் உட்கார்ந்திருந்த குரூஸ் பக்கத்து நாற்காலியைக் குத்திவிட்டார். கை இன்னும் வலிக்கிறது.

"மறு பரிசோதனைக்கு வழி இருக்குல்லா?"

"இருக்கு. மதிப்பீட்டாளர் எழுதிக் கொடுத்தா நாளைக்கு காலை மேட்ச்ல திரும்ப எடுக்கலாம். ஒரே ஒரு தடவைதான். ஆனா மறு பரிசோதனை போட்டா இன்னைக்கு எடுத்தது மொத்தமும் அழிஞ்சிடும் சார். ரெண்டு பதிவு இருக்கக்கூடாதுன்னு விதி."

"அழியட்டும். அழியத்தான வேணும்," என்று குரூஸ் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். அவர் மனசில் அப்போது முப்பத்து நான்கு மட்டும்தான் இருந்தது.

முதலில் அணியின் பயிற்சியாளரைக் கூப்பிட்டுவிட்டார். பொன்னுத்தாய் டீச்சர் ஓய்வுபெற எட்டு மாதம் இருக்கிறவர். ஊதலைக் கழுத்திலிருந்து கழற்றாமலே வந்து உட்கார்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு முகம் சிவந்துபோனது.

"எம் பிள்ள மேட்ச வித்தாளாம்மா? கேன்டீன்காரன் பாக்கி அஞ்சு ரூவாய வாங்க மறந்துட்டாம்னு ரெண்டு தெரு ஓடிப்போய்க் குடுத்துட்டு வந்த பிள்ள அது. உங்க பட்டையத் தூக்கிக் குப்பையில போடுங்க."

"டீச்சர், நான் சொல்லல, மெஷின் சொல்லுது. அவ ஏன் இப்படி ஆடுதா? உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

டீச்சர் சன்னல் பக்கம் பார்த்தார். "அவகிட்டயே கேளுங்க," என்று எழுந்துவிட்டார். தெரியும் என்பதை இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. குரூஸுக்கு நாலாவது தலைவலி ஆரம்பித்தது.

இசக்கியம்மாள் வந்தபோது முழங்கால் உறையைக் கணுக்கால்வரை இறக்கிவிட்டிருந்தாள். நெற்றியில் பட்டையின் தடம் சிவப்பாக இருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"கூப்ட்டியளாம் சார்."

"மூணாவது செட். ரெண்டு பக்கமும் இருபத்திரண்டு. நடுவுல அபிநயா நின்னது உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சிச்சி சார்."

"எதிர்த்தாப்புல பிளாக் இல்லன்னு தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிச்சி."

"பின்ன என்ன எளவுக்கு ஜெர்லினுக்குக் குடுத்த?"

இசக்கியம்மாள் இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல் அவரைப் பார்த்தாள். "ஜெர்லினுக்கு அதுவரைக்கும் பதினொண்ணுதான் சார் ஆயிருந்திச்சி."

குரூஸுக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. அடிப்பவர்களைத் தேர்ந்தெடுக்க வாரியம் வைத்த விதி அது. ஓர் ஆட்டத்தில் குறைந்தது பன்னிரண்டு பந்தாவது அடித்திருக்க வேண்டும், இரண்டு ஆட்டத்திலும். பன்னிரண்டுக்குக் குறைந்தவர்களின் பெயரை மேலே உட்கார்ந்திருக்கும் தேர்வாளர்கள் தொடக்கூட மாட்டார்கள். அடித்த பந்து தடுக்கப்பட்டாலும் கணக்கில் சேரும்.

"எங்க டீம்ல என்னத் தவிர நாலு பேரு கடைசி வருஷம் சார். செலக்‌ஷன் ஆனாத்தான் அவியளுக்கு விளையாட்டுக் கோட்டாவுல வேலை. அபிநயா ரெண்டாம் வருஷந்தான், அவளுக்கு அடுத்த வருஷமும் இருக்கு. பாத்த எடத்துல எல்லாம் அவளுக்கே குடுத்தா நாங்க ஜெயிச்சிருவோம். மத்தவளுவள யாரு பாப்பா?" விரலால் முழங்கையைச் சொறிந்துகொண்டாள். "பந்தியில பரிமாறப் போனா வாளி காலியாவுற வரைக்கும் ஒரு எலையிலயே நின்னு ஊத்துவமா சார்? கடைசி எலை வரைக்கும் போவணும்லா."

"ஏட்டி, நீ செட்டரா, சாம்பார் வாளி தூக்க வந்தவளா?"

"ரெண்டும் ஒண்ணு மாரித்தான் சார் இருக்கு."

ஹர்ஷிதா சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டாள். குரூஸ் சிரிக்கவில்லை. அவருக்கு இந்த வழக்கம் தெரியாதா என்ன? தேர்வாளர் வந்து உட்கார்ந்தால் கடைசி வருஷப் பிள்ளைகளுக்குப் பந்து போகும். தென்பக்கத்துக் கோர்ட்டுகளில் யாரும் எழுதி வைக்காத நடைமுறை அது. இருபத்தோரு வயதில் அவருக்குத் துறைமுக அணியில் இடம் கிடைத்ததே அப்படித்தான். தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்தில் தனிஸ்லாஸ் என்று ஒரு செட்டர் அவருக்கு வரிசையாக ஏழு பந்து கொடுத்தான். அந்த அணியிலிருந்து வேலைக்குப் போனது குரூஸ் மட்டும். தனிஸ்லாஸ் பிறகு என்ன ஆனான் என்று அவர் இதுவரை கேட்டதில்லை. இப்போது அது ஞாபகம் வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

"நீ இதைச் செய்யிறது சரியா தப்பான்னு நான் பேச வரல," என்றார். "மெஷினுக்கு நீ திருடி. முப்பத்தி நாலு வந்திருக்கு. இருபதுக்கு மேல போனா ரெண்டு வருஷம் தடை. உன் பேருக்குப் பக்கத்துல சூதாட்டம்னு எழுதுவான். எந்த ஆபீஸ்ல போய் நிப்ப?"

இசக்கியம்மாள் முகம் முதல் முறையாக மாறியது. "வித்துட்டேன்னா எழுதுவாவ?"

"ஆமா."

"எங்க அப்பா பேப்பர் படிப்பாரு சார்." அவள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

குரூஸ் ஃபோனை எடுத்தார். வாரியத்தின் தலைமை அலுவலகத்தில் ஒரு குரல் அவரை ஒன்றை அழுத்தச் சொன்னது, மூன்றை அழுத்தச் சொன்னது, காத்திருக்கச் சொன்னது, நாதஸ்வரம் வாசித்துக் காட்டியது. பதினொரு நிமிடம் கழித்து ஒரு அதிகாரி வந்தார். குரூஸ் பெயர்களைச் சொல்லாமல், இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது, இதில் சூது ஒன்றும் இல்லை, விலகலுக்குக் காரணத்தை எழுதி அனுப்பலாமா என்று கேட்டார்.

"காரணம் எழுதப் படிவத்துல இடம் இருக்கா?" என்றார் அதிகாரி.

"இல்ல சார். அதனாலதான் கேக்கேன்."

"காரணம் எழுத இடம் விட்டா எல்லாரும் காரணம் எழுதுவாங்க மிஸ்டர் குரூஸ். அப்புறம், நீங்க சொல்ற மாதிரி மொத்த டீமும் பேசி வச்சு ஆடினா அது கூட்டுச் சதி. செட்டருக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் தடை போடணும். போடவா?"

"வேண்டாம் சார். சும்மா பொதுவாத்தான் கேட்டேன்," என்று வைத்துவிட்டார். ஃபோனைச் சுவரில் எறியாமல் மேசையில் வைத்ததற்கு அவரை யாராவது பாராட்டியிருக்க வேண்டும்.

"இங்க பாரு பிள்ள," என்று இசக்கியம்மாள் பக்கம் திரும்பினார். "நாளைக்குக் காலையில ஒரு மேட்ச். திரும்ப உனக்குப் பட்டை கட்டுவோம். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். உன் மனசும் கையும் ஒண்ணா இருக்கணும். மனசு அபிநயான்னா கையும் அபிநயா. யோசிக்காத, மாத்தாத."

"இருபது வரைக்கும் மாத்தலாம்லா சார்?"

"நூறு பந்துக்கு இருபது. அந்த நாலு பேருக்கும் பன்னெண்டு பன்னெண்டா நாப்பத்தெட்டு வேணும். நாளைக்கு எதிர்ல கோயம்புத்தூர்க்காரிக. அபிநயா ஒருத்திய தவிர உங்கள்ல யாரு அடிச்சாலும் தடுத்துருவாளுக. உன் மனசு நூத்துக்கு எண்பது அவளத்தான் சொல்லும். கூட்டிக் கழிச்சுப் பாரு, வராது."

அவள் பார்த்தாள். உதடு அசைந்தது. "வராது சார்," என்றாள்.

"அதனால கணக்கை விடு. உன் வேலையப் பாரு. ஜெர்லின் வேலைய ஜெர்லின் பாத்துக்கிடுவா."

அவள் எழுந்தாள். பிறகு வாசல்வரை போய்த் திரும்பினாள். "மனசும் கையும் ஒண்ணா இருந்தா திருடின்னு எழுத மாட்டாவல்லா சார்?"

"மாட்டாவ."

"அது போதும்."

தொண்ணூற்று மூன்றை அவளிடம் சொல்லலாமா என்று குரூஸ் நினைத்தார். ஆட்டத்துக்கு முந்தின நாள் பிள்ளைக்குத் தலைக்கனம் ஏற்றிவிட வேண்டாம், நாளைக்குத் தேர்வுப் பட்டியலோடு சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் அவர் அரங்கத்துக்கு வந்தபோது, பின்னாலிருந்த மண் கோர்ட்டில் பந்துச் சத்தம் கேட்டது. பொன்னுத்தாய் டீச்சர் கூடையிலிருந்து பந்தை எடுத்து எடுத்து எறிகிறார். வலையை ஒட்டி இசக்கியம்மாள் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் நாலு பெண்கள். ஒரு பந்து இடது, ஒரு பந்து நடு, ஒரு பந்து வலது, ஒரு பந்து பின்பக்கம். மறுபடி இடது. நேராக வந்த பந்து, கோணலாக வந்த பந்து, தலைக்கு மேலே போன பந்து, எதையும் அவள் ஓடிப்போய் எடுத்து வரிசைப்படி அனுப்பினாள். பந்து டீச்சர் கையை விடுவதற்கு முன்பே அவள் இடுப்பு திரும்பிவிட்டது.

"நேத்துச் சாயங்காலம் பிடிச்சி இதான்," என்றார் டீச்சர், குரூஸைப் பார்க்காமல். "ஆயிரத்துக்கு மேல எறிஞ்சாச்சு. எனக்குத் தோள்பட்டை போச்சி."

"நல்லா வார்ம்-அப் பண்ணுங்க," என்றார் குரூஸ். அவருக்குத் திருப்தியாக இருந்தது. பிள்ளை பயந்துவிட்டது, உழைக்கிறது என்று நினைத்துக்கொண்டு காபி குடிக்கப் போனார். முப்பது வருஷம் வாலிபால் பார்த்த மனிதர் அன்று காலை கண்முன்னால் நடந்ததைப் பார்க்காமல் காபி குடிக்கப் போனார். பிற்பாடு அவர் தம்மையே திட்டிக்கொண்ட பல விஷயங்களில் அந்தக் காபியும் ஒன்று.

ஆட்டம் ஒன்பதரைக்குத் தொடங்கியது. முதல் பத்து பந்திலேயே குரூஸ் இருக்கையை விட்டு எழுந்துவிட்டார்.

நேற்றைய இசக்கியம்மாள் இது இல்லை. நேற்று அவள் தப்பாகக் கொடுத்த பந்திலும் ஓர் அழகு இருந்தது. எல்லாம் தெரிந்தவள் வேறொன்றைச் செய்கிற அழகு. இன்று அவள் எதிரணியைத் திரும்பியே பார்க்கவில்லை. மூன்று பேர் தடுக்க நிற்கிற இடத்துக்கும் கொடுத்தாள், யாருமே இல்லாத இடத்துக்கும் கொடுத்தாள். இடது, நடு, வலது, பின்பக்கம். நடு என்றால் இன்று அபிநயா இல்லை; கடைசி வருஷப் பெண் ஒருத்தி. அபிநயாவைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அந்த ஆறடிப் பெண் தண்ணீர்ப் பாட்டில்களை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

கோயம்புத்தூர் அணி இரண்டாவது செட்டுக்குள் வரிசையைக் கண்டுபிடித்துவிட்டது. பிறகு கேட்கவா வேண்டும்? பந்து போகிற இடத்தில் முன்கூட்டியே கை தூக்கி நின்றார்கள். ஆனாலும் ஜெர்லின் எம்பி எம்பி அடித்தாள். தடுக்கப்பட்டதை எடுத்து மறுபடி அடித்தாள். கை நீளமில்லாத பெண், தடுப்பவர்களின் விரல் நுனியில் பட்டு வெளியே போகிறமாதிரி அடிக்க மூன்றாவது செட்டில் கற்றுக்கொண்டுவிட்டாள். மேலே உட்கார்ந்திருந்த தேர்வாளர்கள் இருவரும் முன்னால் சாய்ந்து அவளைப் பார்த்தார்கள். ஒருவர் பேனாவைத் திறந்தார்.

மூன்றுக்கு ஒன்று என்று தோற்றார்கள். தோற்ற அணி கோர்ட்டின் நடுவில் கட்டிப்பிடித்துக் குதித்தது. நடுவருக்கே குழப்பம்.

குரூஸ் ஸ்கோரர் அறைக்கு ஓடினார். ஹர்ஷிதா திரைக்கு முன்னால் அசையாமல் இருந்தாள்.

"விலகல் எவ்வளவு?"

"மூணு."

"மூணா?" அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அப்ப தப்பிச்சா. தடை இல்ல."

"தடை இல்ல சார். ஆனா..." அவள் குரல் முதன்முறையாகத் தடுமாறியது. "முதல் எண்ணம் சரியா இருந்தது நாற்பத்தொண்ணுதான். முந்தாநாள் ஆடக் கத்துக்கிட்டவங்களுக்கு வர்ற எண். நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவங்க ஆட்டத்தைப் பார்க்கவே இல்ல சார். பந்து வர்றதுக்கு முன்னாடியே, சில சமயம் எதிர் டீம் சர்வீஸ் போடறதுக்கு முன்னாடியே, முடிவு உள்ள இருக்கு. வரிசையா. எதிர்ல யாரு நிக்கறாங்கன்னே அவங்க மனசுல இல்ல."

குரூஸ் அப்போதுதான் மண் கோர்ட்டைப் புரிந்துகொண்டார். கையை மனசின் வழிக்குக் கொண்டுவா என்று அவர் சொல்லியிருந்தார். அவள் மனசைப் பிடித்துக் கையின் வழிக்கு இழுத்து வந்துவிட்டாள். ஓர் இரவும் ஆயிரம் பந்துகளும் போதுமாக இருந்திருக்கின்றன. தான் பிறவியில் கொண்டுவந்ததை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு நாலு பேருக்கு வரிசையாகப் பரிமாறி முடித்திருக்கிறாள். பொய்யே இல்லாமல்.

"நேத்து எடுத்தது இருக்குல்லா? அந்தத் தொண்ணூத்தி மூணு?"

"நீங்கதான சார் மறு பரிசோதனைக்குக் கையெழுத்துப் போட்டீங்க."

"ஒரு நகலாவது?"

"காலையில பட்டை கட்டின உடனே தானாவே அழிஞ்சிடுச்சு." ஹர்ஷிதா அவரைப் பார்க்காமல் சொன்னாள். "நேத்தே நான் சொன்னேன் சார்."

சொன்னாள்தான். அழியட்டும் என்றவர் அவர்தான். ஐந்து வருஷமாக இந்த இயந்திரத்தைத் திட்டியது போதாது என்று இன்று தம்மையும் திட்ட வேண்டியதாயிற்று. குரூஸுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. யார்மீது என்று தெரியாததால் அது அப்படியே நின்றது.

சிறிது நேரத்தில் அணிக்கான தாள் அச்சாகி வந்தது. ஓர் அணிக்கு ஒரே தாள், ஒரே கையெழுத்து. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்: ஜெர்லின், இன்னும் ஒருத்தி. காத்திருப்போர் பட்டியலில் இன்னொருத்தி. கீழே செட்டருக்கான கட்டத்தில் இயந்திரம் தானே எழுதிய இரண்டு வரி. நேர்மை: ஐயத்துக்கு இடமில்லை. இயல்பான ஆட்ட அறிவு: இல்லை, தேர்வுக்குப் பரிந்துரைக்க இயலாது.

"இந்த ரெண்டாவது வரிய அடிச்சிட்டுக் கையெழுத்துப் போட்டா?" என்றார்.

"திருத்தம் இருந்தா தாள் செல்லாது சார். மத்தவங்க தேர்வும் போயிடும்."

அவர் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். வெளியே ஜெர்லின் யாருக்கோ ஃபோனில் "எம்மா, எம்மா" என்று கத்துவது அறைக்குள் கேட்டது. விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது. மேலே இருப்பது உண்மை என உறுதி கூறுகிறேன் என்ற வரிக்குக் கீழே அந்தோணி குரூஸ் தம் பெயரைத் தெளிவாக எழுதினார். தாளை ஹர்ஷிதாவிடம் நீட்டிவிட்டு வெளியே வந்தார்.

அணியின் வேன் வேப்பமரத்தடியில் கிளம்பத் தயாராக நின்றது. இசக்கியம்மாள் பந்துக் கூடையை ஏற்றிக்கொண்டிருந்தாள். குரூஸைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"திருடின்னு எழுதலல்லா சார்?"

"எழுதல. நேர்மையில சந்தேகமே இல்லன்னு எழுதியிருக்கு."

அவள் பெரிதாக மூச்சுவிட்டாள். "ஜெர்லின் பேரு நெசமாவே இருக்கா?"

"இருக்கு."

"என் பேரு?"

"இல்லம்மா." சொல்லாமல் போய்விடலாம் என்றுதான் அவர் வந்தார். எரிச்சல் அவரை விடவில்லை. "ஆட்ட அறிவு இல்லையாம். மெஷின் சொல்லுது. நான் அதுல கையெழுத்துப் போட்டிருக்கேன். கேட்டியா? உனக்கு அறிவு இல்லைன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்!"

இசக்கியம்மாள் சிரித்துவிட்டாள். "எங்கம்ம கூட அதத்தான் சார் சொல்லுவா. இருபது வருஷமா."

வேனுக்குள்ளிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். சிரிப்பு அப்படியே முகத்தில் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அது போனது. பட்டை கிடந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள்:

"நேத்து எடுத்ததுல எனக்கு எவ்வளவு சார் வந்திருந்திச்சி? அந்த அறிவுக்கு?"

தொண்ணூற்று மூன்று. அது அவர் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இந்தப் பிள்ளை ஊருக்குப் போகிற வழியெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நாளைக்கு ஒரு வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போதும், என்றைக்கோ ஒருநாள் ஜெர்லின் சம்பளம் வாங்கிப் பலகாரப் பெட்டியோடு வீட்டு வாசலில் வந்து நிற்கும்போதும்.

"ஞாபகம் இல்லம்மா," என்றார் குரூஸ். "பெரிசா ஒண்ணும் இருந்த மாரி தெரியல."

"அப்பச் சரி சார்," என்று சொல்லிவிட்டு இசக்கியம்மாள் வேனில் ஏறினாள். சன்னலோர இருக்கையில் ஜெர்லின் அவளுக்கு இடம் போட்டு வைத்திருந்தாள்.